ஹேஸ்டிங்ஸ் மீது வழக்கு, ஆற்காட்டுக் கடன்காரர்களுக்கு?

இந்தியப் பொருளாதார வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்த காலத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரை எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறேன். அவரது நிலவரி ஏலமும் அபினி ஏகபோகமும் பாடத்தில் இருந்தன. அவர் மீதான ஊழல் வழக்கு வெறும் அடிக்குறிப்பு. ஓய்வுக்குப் பின் அந்த அடிக்குறிப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அரசு ஊழியர் மீது ஊழல் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவையா என்று விவாதிப்போர் இந்த வாழ்க்கையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1732-இல் பிறந்த ஹேஸ்டிங்ஸ், 1750-இல் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராகக் கல்கத்தா வந்தார். இடையில் சென்னையிலும் பணியாற்றினார். 1772-இல் வங்காள ஆளுநர். 1774-இல் முதல் கவர்னர் ஜெனரல்.

மறு ஆண்டே மகாராஜா நந்தகுமார் அவர் மீது லஞ்சப் புகார் கூறினார். மீர் ஜாபரின் விதவையான முன்னி பேகத்திடம் ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றார் என்பது புகார். அதை விசாரித்து முடிக்கும் முன்பே, பழைய ஆவணமொன்றைப் போலியாகத் தயாரித்ததாக நந்தகுமார் மீது வழக்கு வந்தது. விசாரித்த தலைமை நீதிபதி எலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். 1775 ஆகஸ்ட் 5 அன்று நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். இதில் ஹேஸ்டிங்ஸின் கை இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நந்தகுமாரின் புகாரை வைத்து ஹேஸ்டிங்ஸைத் தாக்கிய ஆட்சிக் குழுவின் பெரும்பான்மையினரும் அவர் உயிரைக் காக்க முன்வரவில்லை. புகாரின் பயன் அவர்களுக்குத் தீர்ந்துபோயிருந்தது.

1785-இல் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்து திரும்பினார். அந்த ஆண்டுதான் ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரமும் லண்டனில் வெடித்தது. பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஊழியர்கள் நவாபுக்குக் கொடுத்ததாகச் சொன்ன கடன்களை ஆராயாமலேயே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து தீர்க்க பிட் அரசு உத்தரவிட்டது. தேர்தலில் பென்ஃபீல்டு திரட்டிக் கொடுத்த ஆதரவுக்கான கைம்மாறு இது என்று எட்மண்ட் பர்க் சாடினார்; பயனில்லை. நவாபின் பெயரில் பின்னாளில் குவிந்த கடன் கோரிக்கைகளை ஆணையர்கள் ஆராய்ந்தபோது, மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே பர்க், ஹேஸ்டிங்ஸ் மீதும் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். 1786 ஜூன் தொடக்கத்தில் ரோகில்லா போர் குறித்த முதல் குற்றச்சாட்டு மக்கள் சபையில் தோற்றது. அரசு ஹேஸ்டிங்ஸின் பக்கம் இருப்பதாகவே எல்லோரும் எண்ணினர். ஜூன் 13 அன்று, காசி அரசர் சேத் சிங்குக்கு விதித்த 50 லட்சம் ரூபாய் அபராதம் அளவு மீறியது என்று பிரதமர் பிட் எழுந்து சொன்னார். 119-க்கு 79 என்ற வாக்கில் குற்றச்சாட்டு நிறைவேறியது. பன்னிரண்டு நாள்களில் சான்றுகள் மாறிவிடவில்லை. பிரதமரின் நிலைதான் தெளிவாயிற்று. அதற்கு மனச்சாட்சி காரணமா, ஹேஸ்டிங்ஸின் செல்வாக்கு குறித்த அச்சம் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இதைக் கொண்டு ஹேஸ்டிங்ஸைக் குற்றமற்றவர் என்று சொல்ல நான் வரவில்லை. சேத் சிங்கும் அயோத்தியின் பேகங்களும் பட்டது உண்மைத் துன்பம். ஆனால் நாட்டின் வருவாயைச் சுரண்டியவர்களில் ஒருவர் கூண்டில் நிற்க, சபையில் வாக்கு வைத்திருந்தவர்கள் கடனை வசூலித்துக் கொண்டிருந்தார்கள்.

1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியபோது நுழைவுச் சீட்டுக்கு அடிதடி. பிரெஞ்சுப் புரட்சி வந்தது, பார்வையாளர்கள் கலைந்தனர், அரசியல் அணிகள் மாறின. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1795 ஏப்ரலில் தீர்ப்புக்கு வாக்களித்தவர்கள் 29 பிரபுக்களே. ஹேஸ்டிங்ஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார்.

வழக்கு அவர் செல்வத்தைக் கரைத்திருந்தது. கம்பெனி தந்த ஓய்வூதியத்தில் டேல்ஸ்ஃபோர்டு பண்ணை வீட்டில் வாழ்ந்தார். 1813-இல் சாட்சியம் அளிக்க அவர் மக்கள் சபைக்கு வந்தபோது, உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றனர். 1818-இல் அவர் காலமானார். வழக்குச் செலவை அரசு கடைசிவரை அவருக்குத் திருப்பித் தரவில்லை.