பூச்சிகளுக்கு ஒரு கெஜட்டியர் எழுதியவர்

ஒரு தேசத்தின் நிலவரி எவ்வளவு, ஜனத்தொகை எவ்வளவு, எந்த ஜில்லாவில் எந்தப் பயிர் விளைகிறது என்பனவற்றை அறிய விரும்புவோர்க்குச் சர்க்கார் வெளியிட்ட கெஜட்டியர்கள் உண்டு. அந்நிலத்திலேயே குடியிருந்து, அப்பயிரிலேயே வாய் வைத்துச் சாறு உறிஞ்சிப் பிழைக்கும் பூச்சிகளுக்கும் ஒரு கெஜட்டியர் உண்டென்பதை நம்மில் பலர் அறியார். 1902 முதல் 1918 வரை 16 ஆண்டுக் காலத்தில், 7 தொகுதிகளாக லண்டனில் அச்சாகி வெளிவந்த அந்நூலை இயற்றியவர் வில்லியம் லூகாஸ் டிஸ்டண்ட் என்னும் ஆங்கிலேயர். பூச்சி சாஸ்திரம் பயின்றோர் உலகில் எத்தேசத்தவராயினும் அவர் பெயரை நன்கறிவர். தேச காரியங்களில் ஈடுபட்டுள்ள நம் நேயர்களிடையே அப்பெயர் பரவவில்லை. பரவியிருக்க வேண்டுமென்று நாம் கருதுவதாலேயே அவருடைய சரித்திரத்தை இன்று இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதலில், எப்பூச்சிகளைப் பற்றிய பேச்சு இது என்பதைத் தெளிவாக்கி விடுவோம். மூட்டைப் பூச்சியை அறியாதார் இலர். நெற்கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் வந்து உறிஞ்சிக் கதிரைப் பதராக்கும் கதிர் நாவாய்ப் பூச்சியையும், பருத்திக் காயில் கூட்டமாக மொய்க்கும் சிவப்புப் பூச்சியையும், புகையானையும், பச்சைத் தத்துப்பூச்சியையும் நம் குடியானவர்கள் நன்றாக அறிவார்கள். வேனிற்காலத்தில் மரத்திலிருந்து காதைத் துளைக்கும் சில்வண்டும் பெயரில் வண்டாயினும் குலத்தில் இவற்றுக்கு உறவே. இவை யாவற்றுக்கும் பொதுவான லக்ஷணம் வாயில் இருக்கிறது. கடித்து மெல்லும் பற்கள் இவற்றுக்கு இல்லை; ஊசி போன்ற குழலைச் செலுத்திச் சாற்றையோ இரத்தத்தையோ உறிஞ்சுகின்றன. இவ்வாய் அமைப்பைக் கொண்டே இவற்றைத் தனி வகுப்பாகப் பிரித்து, 1803-இல் ஒரு நூல் எழுதினார் பாப்ரிஷியஸ் என்னும் டேனிஷ் அறிஞர். அவருக்குப் பூச்சிகள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று நம் தரங்கம்பாடி. அப்பொழுது அது டேனிஷ்காரர் வசமிருந்த துறைமுகமாதலால், சோழநாட்டுக் கடற்கரைப் பூச்சிகள் பல கப்பலேறி ஐரோப்பா சென்று லத்தீன் பெயர் பெற்றன. இந்திய நாவாய்ப் பூச்சிகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் வேலை இப்படித் துண்டு துண்டாகத் தொடங்கியது. துண்டுகளை ஒன்று சேர்த்தவரே டிஸ்டண்ட்.

அவர் 1845-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி லண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ராதர்ஹித்தில் பிறந்தார். தந்தை அலெக்ஸாண்டர் டிஸ்டண்ட் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். 1867-இல் தந்தையுடன் மலாய் தீபகற்பம் வரை சென்ற கடற்பயணமே இளைஞருக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆசையை உண்டாக்கியது. திரும்பி வந்த பிறகு ஜீவனத்துக்கு அவர் கைக்கொண்டது தோல் பதனிடும் தொழில். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் ஷாப்பு என்கிறோமே, அத்தகைய இடத்தில் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி சென்றது. பகலில் சுண்ணாம்பும் பட்டையும் நாறும் தொழில். ஓய்வு கிடைத்த நேரங்களில் பூச்சிப் பெட்டி. தோல் ஷாப்புக்கும் வித்துவத்துக்கும் வெகுதூரம் என்று எண்ணிப் பழகிய நம் சமூகத்தார் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பார்களாக.

1882 முதல் 1886 வரையில் மலாய் நாட்டு வண்ணத்துப் பூச்சிகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மத்திய அமெரிக்காவின் ஜீவராசிகளைத் தொகுத்த பெருநூல் வரிசையில் நாவாய்ப் பூச்சிகளின் பகுதி அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கீழ்த்திசைச் சில்வண்டுகளைப் பற்றி 1889-லிருந்து 1892 வரை அவர் வெளியிட்ட நூல் கல்கத்தா இந்தியன் மியூசியத்தின் தர்மகர்த்தர்கள் உத்தரவின்பேரில் வெளிவந்தது. தொழில் நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வாலுக்கு இருமுறை சென்று நெடுநாள் தங்கினார். அங்கும் பூச்சி வலையைக் கீழே வைக்கவில்லை. 1897-இல் ஜுவாலஜிஸ்ட் என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பேற்று 1914 வரை நடத்தினார். பத்திரிகை நடத்துவதன் பாரம் இன்னதென்று நாம் அறிவோமாகையால், அதனுடன் மற்ற வேலைகளையும் அவர் செய்து முடித்தது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. 1899-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கைச் சரித்திரப் பிரிவில், புதிதாக வந்து குவியும் பூச்சிகளை ஆராய்ந்து விவரிக்கும் உத்தியோகம் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 53.

இனி, நம் தேசத்தைத் தொட்ட விஷயம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஜீவராசிகள் என்ற பொதுப்பெயரில் ஒரு நூல் வரிசை, இந்தியா மந்திரியின் அதிகாரத்தின்கீழ் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு முதற் பதிப்பாசிரியர், இந்திய நிலநூல் இலாகாவில் உழைத்து ஓய்வு பெற்ற பிளான்போர்டு. நாவாய்ப் பூச்சிகளை எழுத டிஸ்டண்ட் அமர்த்தப்பட்டார். அவருக்கு முன்பே இந்த வழியில் காடு வெட்டியவர் ஒருவர் உண்டு. அயர்லாந்தில் பிறந்து இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்த அட்கின்சன், இமாலய ஜில்லாக்களின் கெஜட்டியரை எழுதியவர்; அதே கையால் வங்காள ஏஷியாடிக் சங்கத்தின் சஞ்சிகையில் இந்திய நாவாய்ப் பூச்சிகளைப் பற்றித் தொடர்ந்து குறிப்புகளும் எழுதி வந்தார். 1890-இல் கல்கத்தாவில் அவர் காலமாகிவிடவே வேலை நடுவில் நின்றது. அட்கின்சன் இன்னும் 20 ஆண்டு உயிருடனிருந்திருந்தால் இந்நூல் இந்தியாவிலேயே எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பது நம் எண்ணம்.

டிஸ்டண்ட் கையாண்ட முறை எளியது. ஒவ்வோர் இனத்துக்கும் முன்னோர் வைத்த பெயர்களை வரிசையாகக் கொடுப்பார், பிறகு உருவம், நிறம், நீளம், அதன்பின் வாசஸ்தலம். அவ்வாசஸ்தலப் பகுதிதான் நாம் கெஜட்டியர் என்று சொன்னது. ஊரின் பெயர், அடைப்புக்குறிக்குள் பூச்சியைப் பிடித்தனுப்பியவர் பெயர், பின்னர் இந்தியாவுக்கு வெளியே அது காணப்படும் தேசங்கள். நீலகிரி என்றால் பெரும்பாலும் ஹாம்ப்ஸன் பெயர் வரும்; அவர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். பர்மாவில் தெனாசரிம் என்றால் காட்டிலாகா அதிகாரியான பிங்காம், அல்லது ஜெனோவா மியூசியத்துக்காக அங்கே சேகரித்த இத்தாலியரான பேயா. இலங்கை என்றால் கிரீன். முதலில் தோட்டக்காரராகவும் பின்னர் பேராதனையில் சர்க்கார் பூச்சி நிபுணராகவும் இருந்தவர்.

சாட்சியை விசாரிக்கும் தொழிலில் பழகியவர்களாகிய நாம் இப்பட்டியலைப் படிக்கும்போது ஒன்று கவனிக்காமலிருக்க முடியவில்லை. சிக்கிம், காசி மலை, நீலகிரி, தெனாசரிம், பேராதனை ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. தஞ்சாவூர் வயல்களும் திருநெல்வேலிக் கரிசலும் அவ்விதம் வருவதில்லை. மலையில் பூச்சி அதிகம் என்பது உண்மையே. ஆயினும் துரைமார்கள் கோடைக்குத் தங்கிய இடங்களும், தோட்டம் போட்ட இடங்களும், ரயில் போன இடங்களுமே இப்படத்தில் நிரம்பியிருக்கின்றன. ஓரிடத்தில் ஒரு பூச்சி உண்டு என்று எழுதியிருந்தால் அதை நம்பலாம். பெயர் இல்லாமையால் பூச்சி அங்கே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அங்கே தேடியவர் இல்லை என்பதே பொருளாகலாம். அடைப்புக்குறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்கிமில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்காக வலையெடுத்துக் காட்டில் திரிந்தவர்களில் லெப்சாக்கள் பலர். அனுப்பிய கனவானின் பெயர் அச்சேறியது. பிடித்தவனின் பெயர் ஏறவில்லை.

பிரிட்டிஷ் இந்தியா என்று எல்லை வகுத்து எழுதியதால் வேறொரு விசித்திரமும் நேர்ந்தது. அன்று ஒரே தேசமென்று எண்ணி அவர் ஒரே வரியில் எழுதிய அஸ்ஸாம், ஸில்ஹெட், பர்மா என்பவை இப்பொழுது மூன்று தேசங்களுக்கு உரியவை. ஆகையால், இந்தியாவிலுள்ள இனங்கள் இவை என்று இன்று ஜாபிதா எழுதப் புகுவோர், டிஸ்டண்டின் வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எந்த ஊர் எவருக்குச் சேர்ந்தது என்று பாகப்பிரிவினை செய்ய வேண்டியிருக்கிறது.

குற்றம் சொல்வோர் டிஸ்டண்டை வேகத்துக்காகக் குறை கூறுவர். அது நியாயமான குறையே. ஒன்றிரண்டு மாதிரிகளைக் கண்டு புதிய இனமென்று பெயரிட்டதும், முன்னமே வேறொருவர் பெயரிட்டதற்கு மறுபெயர் சூட்டியதும், சேராத பேரினத்தில் சேர்த்ததும் பிற்காலத்தார் பலமுறை திருத்த நேர்ந்தது. ஆனால் தவறென்று பிறர் காட்டியதையும் புதிதாக வந்ததையும் ஏற்று மறுபடி எழுத அவர் சலிக்கவில்லை. முதல் நான்கு தொகுதிகள் 1908-க்குள் முடிந்தன. 1910, 1916, 1918 ஆகிய ஆண்டுகளில் வந்த மற்ற மூன்றும் முழுவதும் பிற்சேர்க்கைகளே. ஏழில் மூன்று பங்கு பிற்சேர்க்கையாக வந்த நூலை நாம் வேறெங்கும் கண்டதில்லை. யுத்த காலத்தில், 70 வயது கடந்த பிறகு எழுதியவை கடைசி இரண்டும். அப்படியும் செதில் பூச்சி, அரக்குப் பூச்சி, அசுவினி முதலியவை அவருடைய நூலுக்குள் வரவில்லை; அவற்றில் செதில் பூச்சிகளை இலங்கையளவில் கிரீன் தனியே எழுதினார்.

1920-இல் மியூசிய வேலையை விட்டார். அவர் சொந்தமாகச் சேர்த்திருந்த சுமார் 50,000 மாதிரிகளை அவ்வாண்டில் மியூசியமே விலைக்கு வாங்கிக்கொண்டது. 1922-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ந் தேதி, வான்ஸ்டெட் என்னுமிடத்தில் புற்றுநோயால் காலமானார்.

இந்நூலால் குடியானவனுக்கு என்ன பயன் என்று நம் நண்பர்கள் கேட்கக்கூடும். நாமும் வெகுநாள் அப்படியே எண்ணியிருந்தோம். ஆங்கிலம் படித்த நம் கூட்டத்தார் சட்டப் புத்தகங்களை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். குத்தகைக்காரனின் நெல்லைத் தின்ற பூச்சியின் பெயர் கேட்டால் விழிப்பார்கள். கோயமுத்தூரில் சர்க்கார் பூச்சி நிபுணராக இருந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் போன்ற சிலரே அவ்வசையிலிருந்து நம்மைக் காத்தவர்கள். தென்னிந்தியாவின் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி அவர் 1940-இல் வெளியிட்ட கைந்நூல் விவசாய மாணாக்கர்களுக்கு நெடுங்காலம் துணை நின்றது.

பயன் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1908-இல் வந்த நான்காம் தொகுதியில், விரல் நுனியில் அடங்கும் ஒரு பச்சைத் தத்துப்பூச்சிக்கு டிஸ்டண்ட் வைரெசன்ஸ் என்று பெயரிட்டார். வழக்கம்போல வேறொரு பேரினத்தில் தவறாகச் சேர்த்துவிட்டார். அரை நூற்றாண்டு கழிந்தது. 1960-களில் கீழை நாடுகளின் நெல் வயல்களில் பயிர் குன்றி மஞ்சளித்து மடியும் துங்ரோ என்னும் நோய் பெரும் நாசம் விளைத்தது. வைரஸினால் உண்டாகும் அந்நோயைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்வது பச்சைத் தத்துப்பூச்சி என்று பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். ஆனால் எந்தப் பச்சைத் தத்துப்பூச்சி? ஒன்றுக்கொன்று உருவத்தில் மயங்கும் இனங்கள் பல உள்ளன. நோயைப் பரப்பும் வலிமையோ எல்லாவற்றுக்கும் சமமன்று. மிகுதியாகப் பரப்பும் இனத்துக்கு 1964-இல் ஜப்பானிய அறிஞர் ஒருவர் இம்பிக்டிசெப்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். ஆராய்ச்சியாளர்கள் அப்பெயராலேயே சிலகாலம் கட்டுரைகள் எழுதினர். ஒரே பூச்சி இரண்டு பெயரில் இரண்டு ஏடுகளில் கிடந்தது. ஒரு பெயரில் நோயின் விவரம், மற்றொன்றில் அது இந்தியாவில் எங்கெங்கே உண்டு என்ற பழைய பதிவு. லண்டனில் டிஸ்டண்ட் ஊசி குத்தி வைத்துச் சென்ற மாதிரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இரண்டும் ஒன்றென்று துணியப்பட்டது. முந்திய பெயருக்கே உரிமை என்பது அச்சாஸ்திரத்தின் சட்டமாதலால் இம்பிக்டிசெப்ஸ் கைவிடப்பட்டது. பேரினத்தின் பெயர் மட்டும் நெபோடெட்டிக்ஸ் என்று திருத்தப்பட்டது. நெற்பூச்சிகளைப் பற்றிய சாஸ்திர நூல்களில் அதன் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், டிஸ்டண்ட் என்று அச்சிட்டிருப்பதை நேயர்கள் இன்றும் காணலாம்.