வைத்தியர் கிரீன்

தருமபுரிக்கு அணித்தேயுள்ள அதியமான்கோட்டையின் பெயரைக் கேட்குந்தோறும், ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல் அதியமான் நம் நினைவில் எழுகின்றான். அக்கனியின் பயனை வெளியிடாது தன்னுள்ளே அடக்கி அவன் கொடுத்தான் என்பர். வள்ளலுக்கு அம்மௌனம் அழகு, வைத்தியனுக்கோ ஆகாது. நோய் யாது, மருந்து எதற்கு, அதனை எவ்வாறு உண்பது என்பவற்றை நோயாளி உணருமாறு சொல்லுதல் அவன் கடன். இதனைக் கற்பதில் வைத்திய மாணவர் சிலர் அசட்டையாயிருத்தல் இன்று எழுந்த குறையன்று. நோயாளியின் மொழியிலேயே வைத்தியங் கற்பித்தற்குத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அவரே யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய சாமுவேல் பிஸ்க் கிரீன்.

இவர் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்க தேசத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியங் கற்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராய் யாழ்ப்பாணம் அடைந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் அமர்ந்தார். தமிழைப் பயின்று, நோய் தீர்த்தலோடு இளைஞர்க்கு வைத்தியங் கற்பிக்கவுந் தொடங்கினார்.

முதலிற் பாடம் ஆங்கிலத்திலே நடந்தது. ஆங்கிலங் கற்றுத் தேர்ந்தவரோ அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவூர் செல்லலாயினர். தாய்நாடு சென்று 1862இல் மீண்ட கிரீன், இனித் தமிழிலேயே கற்பிப்பதெனத் துணிந்தார். ஆங்கிலமே உயர்வுக்கு வாயில் என்றெண்ணிய மாணவர்க்கு இஃது உவப்பாயிருக்கவில்லை. அவரைப் பழித்தல் முறையன்று. எளிய குடியிற் பிறந்தவன் உத்தியோகத்தை விரும்புதல் இயல்பே. ஆயினும், கிராமத்தில் வாந்திபேதியால் வருந்துவோன் அருகில், அவன் சொல்லை அறிந்து தன் சொல்லை அவனுக்கு அறிவிக்கும் வைத்தியன் இருத்தல் வேண்டுமன்றோ? கிரீன் இதனையே பெரிதாகக் கருதினார். மேனாட்டு உடையும் நடையும் பூண்டு மாணவர் தம் மக்களினின்று விலகுதலையும் அவர் விரும்பினாரல்லர்.

தமிழிற் பாடநூல் இன்மையால், மாணவர் துணைகொண்டு தாமே அவற்றை ஆக்கினார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழையும், பின் வடமொழியையும் நாடி, அவற்றிற் கிடைக்காதவற்றையே ஆங்கில ஒலியோடு வழங்கினார். அவரிடம் பயின்ற வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும் நூற்பணியை விட்டாரல்லர். 1884 மே 28இல் காலஞ்சென்றார். தமிழர்க்கு ஊழியஞ் செய்தவர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டுமென அவர் விரும்பினார்.

நம் நாட்டு வைத்தியப் பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியோடு உரையாடும் முறையும் ஒழுங்காகக் கற்பிக்கப்படுகின்றது. இதுவும் ஒரு பாடமோ, பேச யாருக்குத் தெரியாது என நகைப்பாரும் உளர். அதியமான்கோட்டைக்கு அணித்தே தருமபுரியில் 2008இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியை நாடி வருவோருள், தமிழேயன்றித் தெலுங்கும் கன்னடமும் பேசுவார் உளர். நோயால் நலிந்து, நாணத்தாலும் அச்சத்தாலும் வாய் திறவாத ஒரு மூதாட்டியின் முன் நிற்கும்போது, பேசத் தெரியும் என்ற நம் செருக்கு நில்லாது. அந்நிய மொழியைத் தாம் கற்றுப் பிறர்க்கும் நூல் செய்த கிரீனின் பொறுமையை நினைவோமாயின், நம் மொழியிலேயே அன்போடு பேசக் கற்பதை இழிவென எண்ணோம்.