பொட்டி சிறீராமுலு

பொட்டி சிறீராமுலு (மார்ச் 16, 1901 - டிசம்பர் 15, 1952) தனி ஆந்திர மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த காந்தியவாதி ஆவார். சென்னையில் பிறந்த இவர் பம்பாயில் பொறியியல் கற்றார். பின்னர் இரயில்வேப் பணியைத் துறந்து சபர்மதி ஆசிரமத்தில் சேர்ந்தார்.

1920 முதல் தன் கிளைகளையே மொழிவாரியாக அமைத்திருந்த காங்கிரசு, விடுதலைக்குப் பின் மொழிவாரி மாநிலங்கள் நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கும் என அஞ்சித் தயங்கியது. தெலுங்கு மக்கள் பலர் இதனை வாக்குத் தவறியதாகவே கருதினர். சிறீராமுலு அக்டோபர் 19, 1952 அன்று மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் நோன்பைத் தொடங்கி, 58ஆம் நாளில் இறந்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். பல்லாண்டுகளாக எட்டப்படாதிருந்த முடிவை அடுத்த சில நாட்களிலேயே பிரதமர் நேரு அறிவித்தார். அக்டோபர் 1, 1953 இல் ஆந்திர மாநிலம் உருவானது. அவர் பிறந்து மறைந்த சென்னை நகரம் அதில் சேர்க்கப்படவில்லை. அவர் நோன்பிருந்த இல்லம் பின்னர் நினைவகமாக்கப்பட்டது.