செடிகளுக்குப் பெயர் வைத்த துவெயிட்ஸ்

பதுளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், ஊவா எல்லையைத் தாண்டியதும் ஹக்கலைப் பூங்கா வருகிறது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கே இறங்காத மாணவியர் எங்கள் மாவட்டத்தில் குறைவு. ரோசாப் பூக்களைப் பார்ப்போம், படம் எடுப்போம், சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவோம், திரும்பி வருவோம். ஆனால் அந்தப் பூங்கா பூக்களுக்காக உருவானதல்ல. காய்ச்சல் மருந்துக்காக 1861இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்ரிக் துவெயிட்ஸ். நமது மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்த கதையிலும் இவர் இருக்கிறார்.

இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் பிறந்த துவெயிட்ஸ் ஆரம்பத்தில் ஒரு கணக்காளர். வேலை நேரத்தில் கணக்குப் புத்தகங்களோடும் ஓய்வு நேரத்தில் நுணுக்குக்காட்டியோடும் வாழ்ந்தார். தயற்றம் எனப்படும் நுண்ணிய அல்காக்கள் ஒன்றோடொன்று இணைந்து இனம்பெருக்குவதைக் கண்டறிந்து, விஞ்ஞானிகள் நடுவே பெயர் பெற்றார். உயிரியல் படிக்கும் எங்களுக்கு இது ஆச்சரியமான செய்திதான். ஆய்வுகூடம் வைத்துக் கொடுத்து யாரும் அவரை வளர்க்கவில்லை.

1849 மார்ச் மாதத்தில் பேராதனைப் பூங்காவின் அத்தியட்சகராக இருந்த ஜோர்ஜ் கார்ட்னர் நுவரெலியாவில் திடீரென இறந்துபோனார். அந்த இடத்துக்குத் துவெயிட்ஸ் நியமிக்கப்பட்டார். வந்தவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

பேராதனையில் அவருடைய முக்கியமான வேலை, இந்த நாட்டுச் செடிகளை இனங்கண்டு பெயர் கொடுப்பது. சொல்லும்போது இலேசாகத்தான் இருக்கிறது. ஒரு செடியைப் பூவோடும் காயோடும் பறித்து வர வேண்டும். தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும். எங்கே கிடைத்தது என்று எழுதி, எண் இட வேண்டும். பிறகு உலகின் வேறெங்காவது அதே செடிக்கு ஏற்கெனவே பெயர் உண்டா என்று தேட வேண்டும். துவெயிட்ஸ் இட்ட எண்களுக்கு முன்னால் சீ.பீ. என்ற எழுத்துகள் இருக்கும். சிலோன் பிளான்ற்ஸ் என்பதன் சுருக்கம் அது. அந்த எண்களோடு பல நாடுகளின் உலர்தாவரச் சாலைகளுக்குப் போன நமது செடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1858 முதல் 1864 வரை, எனுமரேசியோ பிளான்டாரும் செய்லானியே என்ற அவரது நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. லண்டன் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் அதற்கு உதவினார். 1865இல் ரோயல் சங்கம் துவெயிட்ஸைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அவர் வைத்த பெயர்களில் எனக்குப் பிடித்தது டூனா. தாழ்நில மழைக்காடுகளில் வளரும் உயரமான மரங்களைச் சிங்கள மக்கள் தூன் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லையே எடுத்து இலத்தீன் வடிவம் கொடுத்துச் சாதிப் பெயராக்கினார். ஐரோப்பியப் பிரபுக்களின் பெயர்களைச் செடிகளுக்குச் சூட்டிய காலம் அது. இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். பேராதனைப் பூங்காவில் பல்லாண்டுகள் செடிகளைப் படம் வரைந்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ். இலையே இல்லாமல் மரப்பட்டையில் வேரால் ஒட்டி வளரும் ஒரு சின்ன ஓர்க்கிட்டின் விஞ்ஞானப் பெயரில் அல்விஸ் இன்றும் இருக்கிறார். கூடையும் கத்தியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து செடி கொண்டுவந்த மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. தென்னமெரிக்க மலைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மரத்தை வளர்க்கக் குளிரான இடம் வேண்டும். அதனால்தான் ஹக்கலை. நாற்றுகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் தோட்டத் துரைமார் ஆரம்பத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்தபோது வேறு மரம் எதற்கு? 1876இல் கியூவிலிருந்து வந்த சுமார் 1,900 இறப்பர்க் கன்றுகளைப் பெற்றதும் துவெயிட்ஸின் காலத்தில்தான். அவை கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதன் பலனையும் அவர் காணவில்லை.

இனி கோப்பியின் கதை. அரபிகளே இதை முதலில் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது வழமையாகச் சொல்லப்படுவது. கோப்பியா அரபிக்கா என்ற பெயர் லின்னேயஸ் வைத்தது. அந்த மரத்தின் சொந்த ஊர் எத்தியோப்பியாவாக இருந்தாலும், யெமன் துறைமுகங்கள் வழியாகவே உலகம் அதை அறிந்ததால் பெயர் அரபிகளுக்குப் போய்விட்டது. பிரித்தானியர் காலத்தில் கண்டி தொடங்கி ஊவா வரை காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளர்கள்தான் அதைப் பறித்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். உயிரோடு வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள்.

1869இல், பசறைக்கு அப்பால் மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. தொட்டால் விரலில் ஒட்டும். பிறகு இலை உதிரும். மாதிரிகள் துவெயிட்ஸிடம் வந்தன. அவர் அவற்றை இங்கிலாந்திலிருந்த மைல்ஸ் பேர்க்லிக்கு அனுப்பினார். பேர்க்லி ஒரு பாதிரியார், பங்கசுக்களைப் பற்றி அக்காலத்தில் நன்கு அறிந்தவர். அயர்லாந்தை 1840களில் பட்டினியில் தள்ளிய உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு பங்கசுவே காரணம் என்று வாதிட்டவரும் அவரே. இந்தத் தூளும் ஒரு புதிய பங்கசுவின் வித்திகள் என்று கண்டு, அதே ஆண்டில் ஹெமிலியா வஸ்ராட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஹெமிலியா என்றால் பாதி வழுவழுப்பு. வித்தியின் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். வஸ்ராட்ரிக்ஸ் என்றால் நாசமாக்குவது.

அப்போது மடுல்சீமையில் சில தோட்டங்களே பாதிக்கப்பட்டிருந்தன. நாசமாக்குவது என்ற பெயர் அவசரப்பட்டு வைத்தது போலத் துரைமாருக்குத் தோன்றியிருக்கும். உரம் போட்டால் சரியாகும், மழை மாறினால் போய்விடும் என்று நம்பினார்கள். விளைச்சல் குறைந்தாலும் கோப்பி விலை ஏறியதால் நட்டம் வெளியே தெரியவில்லை. அதனால் மேலும் காடு வெட்டினார்கள். 1870களின் இறுதியில் கோப்பி நிலம் சுமார் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கராக இருந்தது. மலைக்கு மலை ஒரே பயிர் என்றால், காற்றில் பறக்கும் வித்திக்கு அதைவிட நல்ல வசதி வேறில்லை. துவெயிட்ஸிடம் மருந்து இருக்கவில்லை, இருப்பதாக அவர் ஏமாற்றவும் இல்லை. இதைத்தான் அவரது பெரிய நேர்மையாக நான் நினைக்கிறேன். நோயை ஆராய மார்ஷல் வோட் என்ற இளைஞர் 1880இல் அனுப்பப்பட்டார். பங்கசு இலைக்கு உள்ளேயே வாழ்கிறது, வெளியே தூவும் மருந்து அதைத் தொடாது என்று அவர் விளக்கியபோது காலம் கடந்துவிட்டது.

தோட்டங்கள் கைவிடப்பட்டன. வேலையிழந்த தொழிலாளர்கள் சம்பளப் பாக்கியோடு நின்றார்கள். துரைமார் ஹக்கலைச் சிங்கோனாவின் பின்னால் ஓடினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டதாலும் ஜாவாப் பட்டை சந்தைக்கு வந்ததாலும் அதன் விலையும் விழுந்தது. கடைசியில் தேயிலை நிலைத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆட்கள் வேண்டும். அதனால் வந்தவர்கள் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். மலையகத் தமிழ் மக்கள் இங்கே நிரந்தரமாக வாழ நேர்ந்ததில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்கும் ஒரு பங்கு உண்டு.

துவெயிட்ஸ் 1880இல் ஓய்வு பெற்று, 1882 செப்டெம்பர் 11இல் கண்டியில் காலமானார். அவருக்குப் பின் வந்த ஹென்றி ட்ரைமன், 1893 முதல் வெளியான தமது பெரிய நூலில், இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டார். அதன் பின் செடியின் பெயரைத் தேட நமது மொழியிலும் ஒரு வழி கிடைத்தது. ஹூக்கர் தம் நண்பரின் நடுப்பெயரால் கென்ட்ரிக்கியா என்று பெயரிட்ட கொடி, மலைக்காட்டு மரங்களில் படர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கிறது.

மடுல்சீமையில் இன்று எங்கும் தேயிலை. ஆனால் ஊவாவின் வீட்டுத் தோட்டங்களில் பலாவுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே சில கோப்பி மரங்கள் இன்னும் நிற்கின்றன. மழைக்குப் பின் இலையைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றில் அந்தச் செம்மஞ்சள் தூளைக் காணலாம்.