ரயிலுக்கு டீசல் பாதை காட்டிய பி.டி. ரம்பால



டிப்ளமோ படிச்சா கடைசியில மெயின்டனன்ஸ் வேலைதானே என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி அடிக்கடி வரும். அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். அவர்தான் பக்கத்து நாடான இலங்கையின் ரயில்வே மேதை பி.டி. ரம்பால.

ரம்பால 1910-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் பிறந்தார். கொழும்பு நாலந்தா கல்லூரியில் படித்தார். 1934-இல் இலங்கை அரசு ரயில்வேயில் இளநிலை மெக்கானிக்கல் எஞ்சினியராகச் சேர்ந்தார். அப்போது அது வெள்ளைக்காரர் ஆட்சி. பாதைகளில் ஓடியவை பெரும்பாலும் நீராவி எஞ்சின்கள்தான். இலங்கையில் நிலக்கரி கிடையாது. கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும். அந்தக் கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இந்த நிலையில்தான் 1938-இல் இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி செய்த மூன்று டீசல்-எலெக்ட்ரிக் ரயில்கார் தொடர்கள் இலங்கைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் சில்வர் ஃபோம், சில்வர் ஸ்பிரே, சில்வர் மிஸ்ட். இதன் தத்துவம் நமக்குப் பாடத்தில் வருவதுதான். டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சில் இருக்கும் டிராக்‌ஷன் மோட்டாரை ஓட்டும். ரயிலை இழுக்க கியர் மாற்றும் கியர்பாக்ஸ் வேண்டாம்! மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவதால் கனமான வண்டியும் குலுங்காமல் கிளம்பும். மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் கைகோத்தால்தான் இந்த வண்டி நகரும்.

1948-இல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே, 1949-இல், ரம்பால தலைமை மெக்கானிக்கல் எஞ்சினியர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் உள்நாட்டுக்காரர் அவர்தான். 1950-களில் பிரஷ் பேக்னல் எஞ்சின்களும், கொழும்புத் திட்ட உதவியில் கனடா எஞ்சின்களும் வந்து இறங்கின. மலைநாட்டுப் பாதை சாதாரணமானதல்ல. 44 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். பட்டிப்பொல நிலையம் 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மெஷினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நாள்தோறும் அதை ஓட வைப்பதுதான் பெரிய காரியம். நீராவியில் பழகிய ஒரு ரயில்வேயை டீசலுக்கு மாற்றிக் காட்டினார் ரம்பால.

1955-இல் பொது மேலாளராக உயர்ந்தார். 1956-இல் லண்டன் லோகோமோட்டிவ் எஞ்சினியர்கள் நிறுவனம் அவரை ஆசியாவின் தலைசிறந்த டீசல் எஞ்சினியர்களில் ஒருவராகப் பாராட்டியது. அவர் காலத்தில்தான் உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி, நம் தமிழர் நெஞ்சில் நிற்கும் யாழ் தேவி ஆகிய விரைவு ரயில்கள் ஓடத் தொடங்கின. 1956-இல் கிளம்பிய யாழ் தேவி கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்தது. போரினால் 1990-இல் அந்தப் பாதை அறுந்தது. ரம்பால 1994-இல் காலமானார். யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போனது 2014-இல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே! செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஃபேக்டரிகள்தான். நம்மில் பலர் நாளை அங்கே டிரெய்னியாக நுழைவோம். மெஷின் எந்த நாட்டில் செய்ததாகவும் இருக்கட்டும், அதை நின்றுவிடாமல் ஓட வைக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும். மெயின்டனன்ஸ் என்பது சின்ன வேலையல்ல என்பதற்கு ரம்பாலவின் வாழ்க்கையே சாட்சி!