சி. டி. ஸ்டட் – மட்டையை வைத்துவிட்டுப் போனவர்

நம் கல்லூரிக்குப் பெயர் தந்த பிஷப் ஹீபர் 1826-ல், தம் 42-ஆம் வயதில், இதே திருச்சியில் காலமானார் என்பது நமக்கெல்லாம் தெரியும். இந்த மலருக்காக நான் எடுத்துக்கொண்டது வேறொருவருடைய வாழ்க்கையை. அவரும் இங்கிலாந்துக்காரர்தான், நம் நீலகிரியில் ஆறு வருஷம் போதகராக இருந்தவர். ஆனால் நம்ம பசங்களுக்கு அவரை ஒரு கிரிக்கெட்டராக அறிமுகப்படுத்துவதுதான் சுலபம். பெயர் சார்லஸ் தாமஸ் ஸ்டட். எல்லோரும் சொல்வது சி. டி. ஸ்டட்.

1860-ல் பிறந்தார். அப்பா எட்வர்ட் ஸ்டட் பீகாரின் திருஹத் பகுதியில் அவுரித் தோட்டம் வைத்துப் பெரும் பணம் சம்பாதித்துத் திரும்பியவர். குதிரைப் பந்தயப் பிரியர். அவர் ஒருநாள் அமெரிக்கப் பிரசங்கியார் மூடியின் கூட்டத்துக்குப் போய் அடியோடு மாறிப்போனார். குதிரைகள் போயின, பந்தயம் போயிற்று, வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வந்தது. மகன்களுக்கு முதலில் இது பெரிய தர்மசங்கடம்! பிறகு ஒவ்வொருவராக அவர்களும் விசுவாசத்துக்குள் வந்தார்கள்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு 1882, 83, 84 என்று மூன்று வருஷம் தொடர்ந்து மூன்று ஸ்டட் சகோதரர்கள் கேப்டனாக இருந்தார்கள். நடுவில் இருந்தவர் நம் சார்லஸ். 1882-ல் கேம்பிரிட்ஜ் அணி ஆஸ்திரேலியாவையே தோற்கடித்தது. அதில் ஸ்டட் அடித்தது 118. அந்த ஒரே சீசனில் ஆயிரம் ரன்னுக்கு மேல் எடுத்து, நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்தினார். அப்போது வயது 21.

ஓவல் மைதானத்தில்

அந்த ஆகஸ்டில்தான் லண்டன் ஓவலில் அந்தப் புகழ்பெற்ற டெஸ்ட். இங்கிலாந்து ஜெயிக்க 85 ரன் போதும். ஸ்பாஃபோர்த் பந்துவீச்சில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. ஸ்டட்டைப் பத்தாவது ஆளாகத்தான் இறக்கினார்கள். அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. கடைசி ஆட்டக்காரர் பீட், எதிர்முனையில் நின்ற ஸ்டட்டிடம் ஆட்டத்தை விட மனமில்லாமல், தானே மட்டையைச் சுழற்றி அவுட் ஆனார். மொத்தம் 77. ஏழு ரன்னில் தோல்வி. இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது, சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது என்று ஒரு பத்திரிகை கேலியாக மரண அறிவிப்பு போட்டது. ‘ஆஷஸ்’ பிறந்த கதை இதுதான்.

அந்தக் குளிர்காலமே ஐவோ பிளை தலைமையில் ஒரு அணி ஆஸ்திரேலியா போயிற்று. ஸ்டட்டும் அவர் அண்ணன் ஜார்ஜும் அதில் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் கிடைத்த சின்னஞ்சிறு சாம்பல் கிண்ணம் இன்றும் லார்ட்ஸ் மைதான மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் நான்கைந்து வரிப் பாட்டில் ஸ்டட் குடும்பப் பெயரும் உண்டு.

இவ்வளவு பெயர் வாங்கியவருக்கு அடுத்த வருஷம் வேறு ஒரு பரீட்சை வந்தது. அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்தார். இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார்லஸுக்கு, சாகப்போகிற மனுஷனுக்குக் கைத்தட்டலால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி வந்துவிட்டது. அண்ணன் பிழைத்தார், கேள்வி மட்டும் போகவில்லை. 1885 பிப்ரவரியில் ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ என்று பேர்பெற்ற குழுவில் ஒருவராகச் சீனாவுக்குக் கப்பலேறினார்.

29,000 பவுண்டு

அப்பாவின் உயில்படி 25 வயதில் அவர் பங்குக்கு வந்தது ஏறக்குறைய 29,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடக்கூடிய தொகை. எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் பத்திரம் எழுத வந்தபோது, பிரிட்டிஷ் தூதர் கையெழுத்துப் போட மறுத்து, இரண்டு வாரம் யோசித்துவிட்டு வாங்க என்று அனுப்பினாராம். இரண்டு வாரம் கழித்து ஸ்டட் அதே முடிவோடு வந்து நின்றார். மூடிக்கு ஐயாயிரம், பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லருக்கு ஐயாயிரம், லண்டன் ஏழைகளுக்கு ஐயாயிரம், இந்தியாவில் வேலை செய்த இரட்சணிய சேனைக்கு ஐயாயிரம். மீதி பல இடங்களுக்கு.

கடைசியாக 3,400 பவுண்டு மிஞ்சியது. அதைத் தாம் மணக்கவிருந்த பிரிசில்லா ஸ்டூவர்ட்டிடம் கொடுத்தார். அந்த அம்மா அவரையும் மிஞ்சிவிட்டார். ஒன்றுமில்லாமலேயே ஆரம்பிப்போம் என்று அதையும் இரட்சணிய சேனைக்கு அனுப்ப வைத்தார். நம் ஊரில் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சீர் லிஸ்ட் போடுகிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்!

ஊட்டியில்

சீனாவில் ஒன்பது வருஷம். அபினுக்கு அடிமையானவர்களை மீட்கும் விடுதி நடத்தினார். நான்கு பெண் குழந்தைகள். உடம்பு கெட்டு 1894-ல் ஊர் திரும்பினார். 1900-ல் குடும்பத்தோடு இந்தியா வந்து, முதலில் அப்பா தோட்டம் வைத்திருந்த திருஹத்தில் சில மாதம், பிறகு 1906 வரை ஊட்டி யூனியன் சர்ச்சில் போதகர். ஆஸ்துமாவால் ராத்திரி தூக்கமே இல்லை. ஆனாலும் அங்கே மறுபடியும் மட்டையைத் தொட்டார். பட்டாளத்துக்காரர்களோடு பழக அது ஒரு வழி. ஒருகாலத்தில் உயிராக இருந்த ஆட்டம், இப்போது கையில் ஒரு கருவி. அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம்

மலர்க் கட்டுரைகளில் இந்த இடத்தோடு முடித்துவிடுவது வழக்கம். ஆனால் மாணவர்கள் முழுக்கதையும் தெரிந்துகொள்வது நல்லது. 50 வயதைத் தாண்டி, டாக்டர்கள் தடுத்தும் கேளாமல், ஆப்பிரிக்கா போனார். 1913-ல் காங்கோவுக்குள் நுழைந்து ஊழியம் தொடங்கினார். இருதய நோயாளியான பிரிசில்லா இங்கிலாந்தில் இருந்தபடியே அந்த மிஷனைத் தாங்கினார். 1916-ல் பிரிந்தவர்கள் 1928-ல் ஒரே ஒரு தடவை, இரண்டு வாரம் சந்தித்தார்கள். மறுவருஷம் அந்த அம்மா காலமானார்.

ஸ்டட் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்தார். கூட இருந்தவர்களும் அப்படியே உழைக்க வேண்டும் என்றார். முடியாதவர்களின் பக்தியையே சந்தேகித்தார். சொந்த மருமகனையே ஊழியத்திலிருந்து விலக்கினார். நோயின் வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொண்டது தெரிந்தபோது லண்டன் கமிட்டியோடு உறவு முறிந்தது. 1931 ஜூலை 16-ல் காங்கோவின் இபாம்பியில் இறந்தார். அவரை அடக்கம் செய்ய ஆப்பிரிக்க மக்கள் திரளாகக் கூடினார்கள்.

ஒரு பொறியாளனாக எனக்குத் தோன்றுவது இது. ஒரு பீம் எவ்வளவு லோடு தாங்கும் என்று பார்த்து, மற்ற பீம்கள் எல்லாம் அதையே தாங்கும் என்று கணக்குப் போட்டால் கட்டடம் நிற்காது. ஸ்டட் பணத்தில் போதும் என்கிற மனதைக் கற்றார், புகழிலும் கற்றார். கூட இருக்கிற மனுஷர் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான், இது போதும் என்று சொல்லும் மனது அவருக்குக் கடைசிவரை கஷ்டமாகவே இருந்தது. பொருளைத் துறப்பதைவிட அது பெரிய பாடம் போலும். சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுலும், மனரம்மியம் என்பது தாம் கற்றுக்கொண்ட ஒன்று என்றுதானே சொல்கிறார்? கற்பது என்றால் நாளாகும். ஆவிக்குரிய வளர்ச்சியும் அப்படித்தான்.

மாணவத் தம்பி, தங்கைகளே! போதும் என்கிற மனது என்றால் ஆடாமல் உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டட் முழுமூச்சாக ஆடியவர். நீங்களும் கிரவுண்டில் இறங்கினால் ஜெயிக்கவே ஆடுங்கள். பரீட்சையிலும், வேலையிலும் அப்படியே. ஆனால் ஓவலில் நடந்த மாதிரி, உங்களுக்கு ஒரு பந்துகூட வராமலேயே ஆட்டம் முடிந்துபோகும் நாளும் வரும். அன்றைக்கும் நீங்கள் நீங்களாகவே பெவிலியனுக்குத் திரும்பி நடக்க முடிய வேண்டும். பக்கத்தில் நடந்து வரும் கூட்டாளியின் தோளில் ஒரு கையும் போட முடிந்தால், ஸ்டட்டையும் ஒரு படி தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.