கைமாறிய நூல்கள்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். தந்தையார் வீராசாமி, தாயார் சீதம்மா. தந்தையார் ஒரு ஜமீனில் வருவாய்ப் பணியாளராக இருந்தார். வருமானமோ சிறிது, குடும்பமோ பெரிது.

அவர்களுடைய தாய்மொழி தெலுங்கு. முன்னோர் நெல்லூர்ப் பகுதியிலுள்ள சர்வபள்ளி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். வேறிடம் பெயர்ந்த பின்னும் அவ்வூர்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் காத்து வந்தனர். தமிழும் தெலுங்கும் வழங்கும் திருத்தணி, பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960இல் இன்றைய தமிழ்நாட்டுடன் இணைந்தது.

திருத்தணியில் தொடக்கக் கல்வி கற்ற இராதாகிருஷ்ணன், 1896இல் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எட்டு. பின்னர் வேலூரிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். உதவித்தொகைகள் அவர் படிப்பைத் தாங்கின.

கல்லூரியில் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழுந்தது. புதிய நூல்கள் வாங்கப் போதிய பணம் இல்லை. அதே கல்லூரியில் பட்டம் பெற்றிருந்த உறவினர் ஒருவர், தாம் படித்து முடித்த தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்தார். கைக்கு வந்த நூல்களே பாடத்தை முடிவு செய்தன. இராதாகிருஷ்ணன் தத்துவ மாணவரானார்.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மைசூரிலும் கல்கத்தாவிலும் கற்பித்தார். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிறர் தந்த பழைய நூல்களைக் கொண்டு படித்தவர், இந்தியத் தத்துவத்தை உலகினர் அறியத் தாமே நூல்கள் இயற்றினார். 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்குழுவின் அறிக்கை நூலகத்திற்கு உயர்ந்த இடம் அளித்தது.

1962இல் அவர் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு முதல் அவர் பிறந்த நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1975இல் அவர் மறைந்தார்.

குடும்பத்தார் அவருக்குப் பெருஞ்செல்வம் தரவில்லை. வறுமையிலும் அவர் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டனர். படித்து முடித்த நூல்களைப் பரணில் போடாமல், அடுத்துப் படிப்பவர் கையில் சேர்த்தார் உறவினர். எளிய வீடுகளாலும் செய்யக்கூடிய உதவிகள் இவை.

சொற்பொருள்

வருவாய்ப் பணியாளர் – வரி தண்டும் வேலை பார்ப்பவர்
உதவித்தொகை – படிப்பதற்காக மாணவருக்கு அளிக்கப்படும் பணம்
பரண் – பொருள்களை எடுத்து வைக்க வீட்டின் உயரத்தில் அமைத்த இடம்
இயற்றினார் – எழுதினார்

வினாக்கள்

1. சர்வபள்ளி என்பது எதன் பெயர்?
2. இராதாகிருஷ்ணன் திருப்பதியில் எந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தார்?
3. அவர் தத்துவப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் யாது?

வீட்டில் செய்க

உன் முன்னோர் எந்த ஊரினர் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக. அவற்றை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுக. நீ படித்து முடித்த தமிழ் நூல் ஒன்றை உன்னிலும் இளைய மாணவருக்குக் கொடுக்க.